கடல்மொட்டின் காம்பு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உங்கள் மேசைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் லேசாகக் கிறீச்சிடுகிறது. வெளியே தாழ்வாரத்தில் நடக்கிற ஆள் இடது காலைத் தேய்த்து நடக்கிறார், செருப்பு வார் பிய்ந்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் யாரோ தொலைபேசியில் மனைவியிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெருமைக்காக இதையெல்லாம் சொல்லவில்லை. குவாரி விபத்து பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. ‘வயது காரணமாகக் கேட்கும் திறன் குறைந்திருந்ததால் பாறையின் ஒலியைத் தவறாகக் கணித்துவிட்டார்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானேதான் பஸ் பிடித்து வந்தேன். எழுதுகிற தம்பியைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள், அவசரமில்லை.

செத்துப்போனவன் என் உடன்பிறந்த தம்பி. அது அறிக்கையில் சரியாக இருக்கிறது. விஷயம் ஒரு காம்பைப் பற்றியது. அது அறிக்கையில் இல்லவே இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலை பார்க்கிற அருங்காட்சியகத்துக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதாவது வந்திருப்பீர்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு உருவம் நிற்கும். கீழே வேர், மேலே நீண்ட காம்பு, உச்சியில் ஒரு மொட்டு, மொட்டைச் சுற்றி மயிரிழை போலக் கைகள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பூ என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது விலங்கு. நட்சத்திர மீனுக்குத் தூரத்துச் சொந்தம். கடலடியில் வேரூன்றி நின்று, தண்ணீரில் மிதந்து வருவதை வடிகட்டித் தின்று வாழ்ந்தது. கடல்மொட்டு என்று சொல்வோம். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த வம்சமே பூண்டோடு அழிந்துவிட்டது. அதன் சொந்தக்காரியான கடல் அல்லி இன்றைக்கும் ஆழ்கடலில் இருக்கிறது. அதற்கும் காம்பு உண்டு. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை செத்ததும் காம்பு சில்லு சில்லாகக் கழன்று உதிர்ந்துவிடும். மொட்டு மட்டும் கெட்டி, அது அப்படியே கல்லாகும். அதனால் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு பக்கம் மொட்டுகள், இன்னொரு பக்கம் சில்லுகள். சலவைக்காரர் கூடையில் அறுந்து கிடக்கிற பொத்தான்களைப் பார்த்து எது எந்தச் சட்டையுடையது என்று சொல்ல முடியுமா, அப்படித்தான். கடல் அல்லியின் சில்லும் கடல்மொட்டின் சில்லும் ஒரே சேற்றில் கலந்து கிடக்கும். மொட்டு தன் சொந்தக் காம்போடு கிடைப்பது ஒருவர் ஆயுளில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

எனக்கு நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்கு வெளியே இருக்கிற சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு பலகைக் கல்லைப் பிளந்தேன். உள்ளே மொட்டு. அதற்கு நேர் கீழே, அதே கோட்டில், ஐந்து பட்டையாக ஒரு காம்பு. இரண்டுக்கும் நடுவே நகக்கண் அகலத்துக்கு இடைவெளி. சுத்தம் செய்யும்போது கல் விரிசல் விட்டது. பிசின் போட்டு ஒட்டினேன், இடைவெளியையும் அதே பிசினால் நிரப்பினேன். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, எங்கள் வேலையில் எல்லாரும் செய்வதுதான். எந்தக் கடல்மொட்டுக்கும் ஐந்து பட்டைக் காம்பு இருந்ததாக உலகத்தில் ஒருவரும் அதுவரை எழுதியதில்லை. நான் எழுதினேன். பாடப்புத்தகத்தில் வந்தது. அருங்காட்சியகத்தின் சின்னமே அதுதான். நுழைவுச்சீட்டில், ஊழியர்களின் அடையாள அட்டையில், கழிவறைக் கதவில்கூட என் காம்பு இருக்கிறது. குவாரி ஆட்கள் என்னை மொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மற்றவர்களுக்குப் பிள்ளைகுட்டி, வீடுவாசல், சீக்கு, சம்பந்தி சண்டை என்று எத்தனையோ இருக்கிறது. எனக்கு இருந்தது இந்த ஒன்று. அழுது புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை, கணக்கு தெளிவாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஒரு சின்ன விவரம். எல்லாக் கடல்மொட்டின் அடியிலும் காம்பு உட்கார்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். என் மொட்டுகளில் அது வட்டமாக இருக்கும். அலையில் உருண்டு உருண்டு மூலைகள் தேய்ந்ததால் வந்த வட்டம் அது. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. அப்பா இருந்தார், இருந்தார் என்பதோடு சரி. பள்ளி விட்டதும் அவனை வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். என் மேசைக்கடியில் உட்கார்ந்து மொட்டுகளைக் கோலிக்குண்டு போல உருட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அக்கா, இங்க வட்டமா இருக்கே. அஞ்சு மூலை இருக்கிற காம்பு இதுல எப்படி உக்காரும்?”

ஓர் அறை விட்டேன். அவனை நான் அடித்தது அந்த ஒருமுறைதான். கொஞ்ச நேரம் விசும்பிவிட்டு மேசைக்கடியிலிருந்தே, “சாரிக்கா, இனிமே கேக்கல” என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதே படிப்பைப் படித்தான், அதே அருங்காட்சியகத்தில் எனக்கு எதிர் அறையில் வேலைக்கு வந்தான், பொழுது போகாதவர்கள் எதை எதையோ கேட்டபோதும் அவன் மட்டும் அந்த வட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல பிள்ளை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

கல்யாணமானதும் மாடியில் குடியிருந்தான். அவன் மனைவி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். என்னை அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், மாதத்துக்கு ஒருமுறை என் ரத்த அழுத்தம் பார்ப்பாள். சாப்பாடு மூவருக்கும் கீழேதான், என் சமையலறையில்தான்.

அன்று அவள் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அவன் குவாரியிலிருந்து நேராக வந்தவன், கை கால்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றான். முழங்கால் வரை சுண்ணாம்பு. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத.”

“எனக்கு எப்படா கோவம் வந்திருக்கு? சொல்லு.”

“கீழ்த்தட்டுல, அந்த நீட்டிக்கிட்டிருக்கிற பாறைக்குக் கீழ, ஒண்ணு இருக்கு. முழுசா. வேர்லேர்ந்து மொட்டு வரைக்கும். உன்னோட மொட்டுதான்க்கா, அதே ஜாதி.”

“சரி.”

“காம்பு உருண்டையா இருக்கு.”

குழாயை மூடினேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன், பாத்திரத்தில் சோப்பு இருந்தது.

“நல்லா பாத்தியா?”

“லென்ஸ் வச்சுப் பாத்தேன். மொட்டு காம்புல உக்காந்திருக்குக்கா. நடுவுல இடைவெளியே இல்ல. வட்டத்துல வட்டம். உன் பலகைக்கல்லுல இருக்கிற காம்பு கடல் அல்லியோடது. பக்கத்துல விழுந்து கிடந்திருக்கு, அவ்வளவுதான். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.”

யாராக இருந்தாலும். இந்தச் சொல்லை எனக்கு எப்போதுமே பிடிக்காது. நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, வேறு யாருக்குத் தெரியும் என்பது. நான் கூச்சத்தில் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டான்.

“யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டகூடச் சொல்லல. முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு வந்தேன்.”

“போட்டோ?”

“வெளிச்சம் போயிடுச்சு. நாளைக்கு நீ வா, சேர்ந்தே எடுத்துக்கலாம்.”

அதற்கப்புறம் அவன் ஒன்று சொன்னான். நீங்கள் காரணம் கேட்பீர்கள் என்பதால் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு நின்ற என்னைப் பார்த்து, சின்ன வயதில் தூங்கி வழிகிற என்னை எழுப்பி விளக்கை அணைக்கச் சொல்வானே, அந்தக் குரலில் சொன்னான்.

“நீயே எழுதுக்கா. நீயே கண்டுபிடிச்ச மாதிரி, நீயே திருத்தின மாதிரி எழுதிடு. என் பேரு வேண்டாம். அப்போ யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க. பெருமையாத்தான் பேசுவாங்க.”

தவறு என்று அவன் வெளியே போய் முழங்கியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். என்னிடம் பதில் இருக்கிறது, இத்தனை வருஷமாக இப்படி எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். இவன் சண்டைக்கு வரவில்லை. எனக்குப் பிச்சை போட வந்திருந்தான். அதுவும் அன்றைக்கு யோசித்தது இல்லை. மேசைக்கடியில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, பாவம் அக்கா என்று வாயை மூடிக்கொண்டு இத்தனை வருஷம் எதிர் அறையில் உட்கார்ந்திருக்கிறான். விருது வாங்கியபோது கைதட்டியிருக்கிறான். வாசலில் அந்த உருவத்தைத் திறந்து வைத்த அன்று மாலை வாங்கி வந்தவனே அவன்தான். எனக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வெறுப்புதான், வேறு பெயர் இல்லை.

“சரிடா, நாளைக்குப் போய்ப் பாக்கலாம். கை கால் கழுவிட்டு வா” என்றேன். மூவரும் சாப்பிட்டோம். அவன் மனைவி, கடைக்கு வந்த ஒருவர் இருமல் மருந்தை மனைவிக்குக் கொடுக்காமல் தானே குடித்துவிட்ட கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அன்று இரவு நல்ல மழை. நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது தட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கை இதில்தான் முழுசாகக் கோட்டைவிட்டிருக்கிறது.

பாறை நீட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்குக் கீழே போகும் முன்னால் நாங்கள் தட்டிப் பார்ப்போம். ஒரு உள்ளங்கையைப் பாறையில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொண்டு தட்ட வேண்டும். திடமான பாறை கணீர் என்று பேசும். உள்ளே பிளந்திருந்தால் பொத்தென்று சொல்லும், வைத்திருக்கிற உள்ளங்கை லேசாகக் கூசும். மழை பெய்திருந்தால் முந்தின நாள் தட்டியது செல்லாது, புதிதாகத் தட்ட வேண்டும். ஒருவர்தான் தட்டலாம். ஏனென்றால் ஆளாளுக்குத் தட்டினால் அந்த அதிர்வே போதும், நிற்கிற பாறையும் இறங்கிவிடும். தட்டியவர் ஒரே ஒரு சொல் சொல்வார். ‘இறங்கு’, இல்லாவிட்டால் ‘விலகு’. மற்றவர்கள் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. இந்த வழக்கத்தை எங்கள் குழுவில் கொண்டுவந்ததே நான்தான். எத்தனையோ பேர் என் ஒரு சொல்லை நம்பிப் பாறைக்கடியில் போய் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருதரம்கூட என் கணிப்பு பிசகியதில்லை. குவாரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

காலையில் அருங்காட்சியக ஜீப்பில் போனோம். குவாரி வாசலில் டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். காவலாளி கூட வருகிறேன் என்றார், நீங்கள் வாசலில் இருங்கள், கீழே நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அதில் விசேஷம் எதுவும் இல்லை, எப்போதும் சொல்வதுதான். நான் எந்தத் திட்டமும் போட்டுக்கொண்டு போகவில்லை. சிற்றுளிப் பையை எடுத்துப் போனேன், அது எப்போதும் என் தோளில் கிடப்பது.

கீழ்த்தட்டு ஈரமாக இருந்தது. பாறை ஒரு கடை முகப்பு போல நீட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே சுவர். அவன் தள்ளி நின்று விரலால் காட்டினான். “அதோ, அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேல, தெரியுதா?” எனக்குத் தெரிந்தது. வெளியே நின்றபடியே தெரிந்தது. மெல்லிசாக, உருண்டையாக, சில்லு மேல் சில்லாக அடுக்கி வைத்தது போல நேராக ஏறி, மொட்டின் அடியில் போய் முடிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அது வேறு ஏதோ ஒரு ஜாதியாக இருக்கலாம் என்று அப்போதே நினைத்தேன்.

உள்ளங்கையைப் பாறையில் வைத்தேன். தட்டினேன்.

பொத்தென்று சொன்னது. சந்தேகத்துக்கே இடமில்லாத பொத். உள்ளங்கை மணிக்கட்டு வரை கூசியது. இதைத்தான் உங்கள் அறிக்கை தவறாகச் சொல்கிறது. எனக்குக் கேட்டது, தெளிவாகக் கேட்டது, அதன் அர்த்தமும் தெரிந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இறங்கு” என்றேன்.

இறங்கினான். ஹெல்மெட் பட்டையைக்கூட மாட்டவில்லை, மாட்டு என்று நானும் சொல்லவில்லை. குனிந்து உள்ளே போய்ச் சுவரருகே மண்டியிட்டு, பிரஷ்ஷால் ஈர மண்ணைத் தள்ளினான். “அக்கா, வேர் கூட இருக்குக்கா, இங்க வா” என்றான், சின்னப் பையன் மாதிரி. நான் போகவில்லை. அது பதிந்திருந்த பலகைக் கல்லைச் சுற்றிக் கோடு வெட்ட உளியை வைத்து முதல் அடி அடித்தான். இரண்டாவது அடிக்கும் பாறை பொறுத்தது. பிறகு இறங்கியது. நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய சத்தம் எல்லாம் இல்லை. அரிசி மூட்டையை இறக்கி வைப்பார்களே, அந்த அளவுதான்.

தூசி அடங்கியதும் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே முழுக்கப் பாறை. ஒரு கை உள்ளே மாட்டியிருந்தது. முகம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தான்.

“அக்கா, அது உடைஞ்சிடுச்சா?” என்றான்.

சுவரைப் பார்த்தேன். பாறை முகப்பு மட்டும்தான் இறங்கியிருந்தது. சுவரில் இருந்த பலகைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அந்தக் கல்லின்மேல் அப்படி ஒரு எரிச்சல்.

“இல்லடா, நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“அப்பாடா” என்றான்.

மேலே மிச்சமிருந்த பாறையைத் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றது. விழ வேண்டியது விழுந்துவிட்டது, இனி ஆபத்தில்லை. அதற்கப்புறம்தான் உள்ளே போனேன். பார்த்தீர்களா, அந்த நிலையிலும் என் காது சரியாகத்தான் சொன்னது.

உங்கள் அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை, காவலாளி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். கீழே ரொம்ப நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். முதலில் வேலை நடக்கிறது என்று நினைத்தாராம், விஷயம் தெரிந்த பிறகு, தம்பியை மீட்க அக்கா தனியாளாகக் கல்லை உடைத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டாராம். பத்திரிகைக்காரர்கள் வந்து, கொப்பளித்துக் கட்டுப் போட்டிருந்த என் கையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெறும் சுத்தியலோடு பாறையோடு போராடிய சகோதரி என்று அள்ளிவிட்டிருந்தார்கள்.

சத்தம் உண்மை. நான் கல்லைத்தான் உடைத்தேன், ஆனால் அவன்மேல் கிடந்த கல்லை அல்ல.

சுவரில் இருந்த காம்பை வேரிலிருந்து தொடங்கினேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். சில்லு சில்லாகச் சிற்றுளியால் பெயர்த்து, ஒவ்வொன்றையும் பொடியாக்கினேன். முதுகுப் பக்கம் அவன் கிடந்தான், அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. தன்னைத்தான் வெளியே எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“அக்கா, கை வலிக்கும், விடு” என்றான். “மேல போய் ஆளைக் கூப்பிடு.”

“பேசாம இருடா, தெம்பு போயிடும்” என்றேன்.

பேசாமல் இருந்தான். சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை என்று முன்பே சொன்னேனே. பிறகு ஒருமுறை தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். என் புட்டியிலிருந்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்துதான் கொடுத்தேன். அதை நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. திரும்பி வந்து மிச்சத்தை முடித்தேன். கடைசிச் சில்லு மொட்டோடு ஒட்டிக்கொண்டு லேசில் வரவில்லை, ஊசியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் பின்னால் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தூசியை ஊதினேன், பொடியைக் காலால் ஈர மண்ணோடு கலந்துவிட்டேன், மொட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மேலே ஏறிப் போய்க் காவலாளியைக் கூப்பிட்டேன். என் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த பெரிய டாக்டர் அவன் மனைவியிடம், கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கலாம் என்றார். கொஞ்ச நேரம் இல்லை, ரொம்ப நேரம். குவாரி அலுவலகத்தில் பாறை தூக்குகிற இயந்திரம் சும்மாதான் நின்றிருந்தது.

இத்தனையும் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, அதுதான் பிரச்சினை. எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். அருங்காட்சியக இயக்குநர் வீட்டுக்கு வந்தார். என்னைவிடச் சின்னவர், என் கட்டுரையைப் படித்துத் தேர்வு எழுதியவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “மேடம், வயசாச்சு. எல்லாருக்கும் தப்பு வர்றதுதான். மனசுல வச்சுக்காதீங்க” என்று என் தலையைத் தடவாத குறையாகப் பேசினார். இனிமேல் குவாரிப் பக்கம் போக வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றார். தட்டிப் பார்க்கிற பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அவன் மனைவி அதற்கும் மேலே. உங்கள் அறிக்கை வந்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது அவளுக்கு. என் கைக் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள். “நீங்க வேணும்னா பண்ணீங்க அண்ணி? காது சரியா கேக்கல, தப்பா சொல்லிட்டீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல. அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு.”

அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

அன்று முழுவதும் யோசித்தேன். ஊரெல்லாம் இதையேதான் பேசப்போகிறது. மொட்டக்காவுக்குக் காது போய்விட்டது, தட்டிப் பார்த்தாள், தப்பாகச் சொன்னாள், சொந்தத் தம்பியைப் பறிகொடுத்தாள், பாவம். இந்தப் பாவம் என்கிற சொல்லைச் சுமந்துகொண்டு மிச்ச காலத்தைத் தள்ள என்னால் முடியாது. ஒருமுறை இதில் பிசகினாள் என்று எழுதிவிட்டால், வேறு எதில் எல்லாம் பிசகியிருப்பாள் என்று தோண்டாமல் விடுவார்களா? இன்று காது என்பார்கள், நாளைக்குக் கண் என்பார்கள். அதனால் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் தப்பாகக் கேட்கவில்லை. பாறை விழும் என்று தெரிந்தே இறங்கச் சொன்னேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தே ஆளைக் கூப்பிடாமல் இருந்தேன். என் தம்பியை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிட்டுப் போகிறேன், அல்லது நீங்கள் சொல்கிற இடத்தில் இருக்கிறேன்.

இதோ, அந்த மொட்டு. ஆதாரம் கேட்பீர்கள் என்று கொண்டுவந்தேன். ஜாக்கிரதையாகப் பிடியுங்கள். அதைத் திருப்பிப் பார்க்கிறீர்கள், நல்லது, எல்லாரும் அப்படித்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். கொலையைப் பற்றி உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடமாட்டேன். காம்பைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து பட்டைக் காம்புதான். அடியில் தெரிகிற அந்த வட்டம் வெறும் தேய்மானம்.